‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்குப் பதிலாக

வேலூர், காட்பாடி, மேல்விஷாரம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று பழைய வடாற்காட்டில் எந்தக் கல்லூரி வகுப்பின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும்: “புரிஞ்சுதா?” அறுபது பேரில் முன் பெஞ்சிலிருந்து நாலு குரல் வரும்: “புரிஞ்சுது சார்.” பாடம் அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடும். முதல் இன்டர்னல் (கல்லூரியே வைக்கும் உள்தேர்வு) தாளைத் திருத்தும்போதுதான், மீதி ஐம்பத்தாறு பேரில் பாதிப்பேர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது தெரியவரும். அதற்குள் இரண்டாவது யூனிட் பாதி முடிந்திருக்கும். திரும்பிப் போக ஹவர் (வகுப்பு நேரம்) இருக்காது.

அந்தக் கேள்வி ஏன் பயன்படுவதில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. அறுபது பேர் முன்னால் “புரியல” என்று சொல்ல பதினெட்டு வயதில் யாருக்கும் துணிச்சல் வராது. சொன்னால் சார் நடத்தியது சரியில்லை என்று குறை சொன்னது போலாகிவிடுமோ என்ற தயக்கம் வேறு. இவற்றைவிடப் பெரிய சிக்கல், புரியாதவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. போர்டில் கணக்கு சரளமாக ஓடும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். தனியாகப் போட உட்காரும்போதுதான் இரண்டாம் வரியில் கை நிற்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, பதில் சொன்னாலே புரிந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுக்கிற கேள்வி. பி.காம். மாணவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் நேரடிச் செலவும் மறைமுகச் செலவும் நடத்தி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். போர்டில் இப்படி எழுதலாம்: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஒன்று, ஷூவின் மேல்பாகத்துக்கு வாங்கிய தோல். இரண்டு, தையல் லைனைக் கண்காணிக்கும் சூப்பர்வைசரின் சம்பளம். மூன்று, ஜோடிக்கு இவ்வளவு என்று தைப்பவருக்குத் தரும் கூலி. நான்கு, ஷோரூம் வாடகை. இதில் ஃபேக்டரி ஓவர்ஹெட் (தொழிற்சாலையின் மறைமுகச் செலவு) எது? இரண்டுதான் சரி. வாடகை என்றாலே ஓவர்ஹெட் என்று மனப்பாடம் செய்தவர் நான்கைத் தொடுவார். அது விற்பனைச் செலவு என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சூப்பர்வைசர் லைனிலேயே நிற்பதால் அவர் சம்பளம் நேரடிக் கூலிதான் என்று முடிவு கட்டியவர் வேறெதையாவது தேடி மூன்றைத் தொடலாம். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குழப்பத்தின் பெயராக இருக்க வேண்டும். யாரும் தொடாத விடையை நிரப்புவதற்காகப் போட்டால் அந்தக் கேள்வி வீண். நல்ல தவறான விடைகள் வேண்டுமென்றால் போன வருட விடைத்தாள்களைப் புரட்டினால் போதும், அங்கே நிறையவே கிடைக்கும்.

விடையை வாயால் வாங்கக் கூடாது, விரலால் வாங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுக்கு நேராக, ஒன்றிலிருந்து நான்கு விரல். தலைக்கு மேல் கை தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்துக் காப்பியடித்துவிடுவார். நெஞ்சுக்கு நேரே வைத்தால் அது போர்டுப் பக்கம் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். அதற்கு முன் ஒரு நிமிடம் கொடுத்து, விடை எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதச் சொல்வது அவசியம். எழுதாமல் விரல் காட்டச் சொன்னால் கடைசி நொடியில் பக்கத்து விரலைப் பார்த்து மாற்றுவார்கள்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தும் ஓர் அளவு இருக்கிறது. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் திரும்ப நடத்த வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவருடன் வாதிடவிட்டு மறுபடி விரல் கேட்க வேண்டும். அறுபது பேர் வகுப்பில் இந்த இடைப்பட்ட அளவு 18 முதல் 42 பேர். துல்லியமாக எண்ண வேண்டியதில்லை. ஒரு வரிசையை மட்டும் எண்ணினாலே நிலவரம் தெரிந்துவிடும்.

பேசவிடுவதில்தான் பலர் சூடுபட்டு இந்த முறையையே கைவிடுகிறார்கள். வகுப்பு சந்தையாகிறது, எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) எட்டிப் பார்க்கிறார், ஆசிரியருக்குச் சங்கடம். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். கேள்வி ரொம்ப எளிதாக இருந்தால் பேச ஒன்றுமில்லாமல் கதை பேசுவார்கள். ஐந்து நிமிடம் கொடுத்தாலும் அதேதான். இரண்டு நிமிடம் போதும், அவசரமாக இருப்பது நல்லது. “டிஸ்கஸ் பண்ணுங்க” என்பதும் போதாது. “உங்க விடையும் அவங்க விடையும் வேறயா இருந்தா, ஏன் இதுன்னு காரணம் சொல்லி அவங்கள மாத்தப் பாருங்க” என்றால் வேலை தெளிவாக இருக்கும். இன்னொன்று, நம் கல்லூரிகளில் மாணவர் ஒரு பக்கம், மாணவியர் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம். அதை உடைத்துக் குழு போட முதல் மாதத்தில் முயன்றால் இரண்டு பக்கமும் வாயைத் திறக்காது. முன் பெஞ்சு திரும்பிப் பின் பெஞ்சுடன் பேசட்டும். நாற்காலி நகர்த்தாமல் நாலு பேர் குழு கிடைத்துவிடும்.

உள்ளூர்ப் பொருள் இங்கே பெரிய உதவி. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து வேதியியல் மாணவருக்கு, தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் ஆய்வகத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டின் குரோமியமும் ஒன்றா என்று கேளுங்கள். அரைவகுப்பு “ஒண்ணுதான்” என்னும். முதலாவது ஆக்சிஜனேற்ற நிலை மூன்று, இரண்டாவது ஆறு; நச்சுத்தன்மையில் ஆறுக்கும் மூன்றுக்கும் பெரிய தூரம். அப்பாவோ மாமாவோ தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்பவர்கள் அந்த வகுப்பில் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி பேசாத பையன் அன்றைக்கு மற்றவர்களுக்குப் பாடம் சொல்லுவான். வரலாற்று ஆசிரியருக்கு வேலூர்க் கோட்டையே பக்கத்தில் இருக்கிறது. அங்கே 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கலகத்துக்குக் காரணம் என்ன என்றால் “புதுத் தலைப்பாகை” என்று ஒரே சொல்லில் பதில் வரும். அந்தத் தலைப்பாகை உத்தரவே வராமல் இருந்திருந்தால் கலகம் நடந்திருக்குமா என்று கேட்டால்தான் தாடி, நெற்றிக்குறி மீதான தடை, 1799-க்குப் பிறகு கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள் என்று காரணங்களை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது, இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள மிகக் கடினமான சங்கதி. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேச வந்தார்கள். மனதுக்குள் தமிழில் ஓட்டி, ஆங்கிலத்தில் மாற்றி, தைரியம் திரட்டிப் பேச வேண்டிய நம் பிள்ளைகளுக்கு ஐந்து நொடியாவது வேண்டும் என்பது என் கணிப்பு. ஐந்து நொடி மௌனம் போர்டு முன்னால் நிற்பவருக்கு ஐந்து நிமிடம் போலிருக்கும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டு, ஐந்து வரை எண்ணினால் தாங்கிக்கொள்ள முடியும். பதில் வந்த பிறகும் உடனே “குட்” என்று சொல்லிவிடக் கூடாது. இன்னொரு ஐந்து நொடி. பதில் சொன்னவரே தொடர்ந்து பேசுவார், இல்லையென்றால் வேறொருவர் “இல்ல சார்” என்பார். பாடம் அந்த “இல்ல சார்” வந்த இடத்தில்தான் உயிர் பெறுகிறது.

மாணவர் சொன்ன பதிலை ஆசிரியர் உரத்த குரலில் திருப்பிச் சொல்வதும் ஒரு பழக்கம். ஃபேன் சத்தத்தில் பின் பெஞ்சுக்குக் கேட்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அதன் விளைவு, ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டியதில்லை என்று வகுப்பு பழகிவிடுகிறது. பதில் சொல்பவரை விட்டு எதிர்ப்பக்கம் நடந்து போய் நின்றுகொண்டால் அவர் குரல் தானாக உயரும்.

யாரைக் கேட்பது? கை தூக்கியவரையே கேட்டால் வருடம் முழுக்க அதே ஆறு பேர். ரோல் நம்பர் எழுதிய அறுபது சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். வெளியே வைத்துவிட்டால் வந்த நம்பர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடும். “பாஸ்” சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் இரண்டு பேருக்குப் பின் அவரிடமே வந்து “இவங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது சரின்னு படுது?” என்று கேட்க வேண்டும். தவறான பதிலுக்கோ உடைந்த ஆங்கிலத்துக்கோ ஒருமுறை வகுப்பு சிரித்து, ஆசிரியரும் புன்னகைத்துவிட்டால், அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடலாம். அந்தச் செமஸ்டர் முழுக்க அது திரும்ப வேலை செய்யாது.

ஐம்பது நிமிட ஹவரை எப்படிப் பிரிப்பது என்பதில் பஸ்ஸைக் கணக்கில் எடுக்க வேண்டும். காலை முதல் ஹவரில் ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வருபவர்கள் ஒரு பஸ்ஸை விட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதம்தான். வாசலில் நிறுத்தி விசாரிப்பதால் பஸ் சீக்கிரம் வரப்போவதில்லை. புதிய கருத்தை பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு தொடங்கினால் அவர்களுக்கு இழப்பு குறைவு. முதல் பத்து நிமிடம் பழைய பாடத்துக்கு: போர்டில் மூன்று கேள்விகள், ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. நோட்டை மூடி வைத்து எழுத வேண்டும், மார்க் கிடையாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு படிப்பதையே நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தினமும் செய்யவைப்பது எளிது.

அவர்கள் எழுதும் அந்த நேரத்திலேயே அட்டெண்டன்ஸையும் முடித்துவிடலாம். உட்காரும் இடத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் காலி இடத்தைப் பார்த்துக் குறிக்க ஒரு நிமிடம். ரோல் நம்பர் கூப்பிட்டால் நாலு நிமிடம் ஆகும். வாரம் ஐந்து ஹவர், பதினைந்து வாரம் என்றால் 300 நிமிடம், அதாவது ஆறு முழு ஹவர். ஒன்பது ஹவர் கொண்ட ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு அட்டெண்டன்ஸிலேயே போகிறது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டங்களில் இதைத் தொடாமல் கற்பித்தலைப் பற்றிப் பேசுவது வீண். பிளஸ் டூ வரை தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுத வருபவர்கள் ஏராளம். அவர்களிலும் வீட்டில் உருது பேசுபவர்கள் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் நிறைய. சித்தூர் எல்லையோரம் தெலுங்கு. முழுக்க ஆங்கிலத்தில் நடத்தினால் பாதி வகுப்பு போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். முழுக்கத் தமிழில் நடத்தினால் கருத்து புரியும், தேர்வில் எழுத வாக்கியம் இருக்காது. இரண்டையும் கலந்து பேசுவதில் தவறில்லை. எது எந்த மொழியில் என்ற ஒழுங்கு வேண்டும். கருத்தை முதலில் தமிழில், உள்ளூர் உதாரணத்தோடு. கலைச்சொல்லை ஆங்கிலத்தில், போர்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பிரித்த பகுதியில். அந்த ஹவர் முடியும்வரை அந்தப் பகுதியை அழிக்கக் கூடாது. பிறகு தேர்வில் எழுதக்கூடிய ஒரே ஒரு ஆங்கில வாக்கியம், அதைக் கட்டியெழுப்பும் வேலை மாணவருடையது. குழுவில் எந்த மொழியிலும் பேசலாம், சபைக்குச் சொல்லும்போது ஒரு வரி ஆங்கிலத்தில். ஒரு யூனிட்டுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் அந்த ஓரத்தில் ஏற்றினால் நிற்காது.

“நீ தமிழ் மீடியமா?” என்று வகுப்பில் எழுப்பிக் கேட்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அக்கறையாகத்தான் கேட்கிறோம். ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அது முத்திரை. அந்த விவரம் வேண்டுமென்றால் முதல் வாரத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்: எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், மாலையில் வேலைக்குப் போகிறீர்களா, இந்தப் பாடத்தில் எதைக் கண்டு பயம். நாலாவது கேள்விக்கு வரும் பதில்களைப் படித்த பிறகு யாருக்கும் பழையபடி பாடம் நடத்த மனம் வராது. மூன்றாவதற்கு வரும் பதில் வீட்டுப்பாடத்தின் அளவைத் தீர்மானிக்கும். மாலை ஆறிலிருந்து பத்துவரை கடையில் நிற்பவருக்கு இருபது நிமிட வேலைக்கு மேல் கொடுத்தால் அது காலையில் பஸ்ஸில் யாரையோ பார்த்துக் காப்பியடிக்கப்படும்.

நோட்ஸ் டிக்டேட் செய்வதை நாளையே நிறுத்தச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அதைக் கேட்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல, புத்தகத்தின் ஆங்கிலம் அவர்களை மிரட்டுகிறது. இடைவழி ஒன்று உண்டு: அரை நோட்ஸ். ஒரு ஏ4 தாளில் தலைப்புகள், படத்தின் வெளிக்கோடு, வரையறையின் முதல் பாதி. மீதி காலி இடம். பெஞ்சுக்கு இரண்டு ஜெராக்ஸ். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பார்ப்பார்கள், நிரப்ப மாட்டார்கள். காலி இடங்கள் யோசித்து நிரப்ப வேண்டியவையாக இருக்கட்டும். சொல்லச் சொல்ல எழுதும் இடங்களாக இருந்தால் அது பழைய டிக்டேஷன்தான்.

வாரம் இரண்டு நாள், கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிய சீட்டு வாங்குவது மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் அதிகம் தருவது. ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் அறுபது பேருக்குப் பதினைந்து தாள். பெயர் வேண்டாம். “இன்றைக்கு எந்த இடத்தில் வழி தவறியது?” என்று கேட்டால் நல்ல பதில் வராது, “ஒன்றுமில்லை” என்று பாதி சீட்டு வரும். “இந்தக் கணக்கில் மூன்றாவது படியை ஏன் செய்தோம்?” என்று கேட்டால் ஒவ்வொரு சீட்டும் பேசும். மேசையில் மூன்று குவியல்: சரி, பாதி, வேறெங்கோ. பத்து நிமிட வேலை. அடுத்த ஹவரின் தொடக்கத்தில் “நேத்து இருபத்து மூணு பேருக்கு இந்த இடம் தெளிவாகல, அதை மறுபடி பார்ப்போம்” என்று எண்ணைச் சொல்ல வேண்டும். தன்னைப் போல இருபத்து இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதே ஒருவருக்குப் பெரிய ஆறுதல். சீட்டை வாங்கிவிட்டு அடுத்த நாள் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தால், மூன்றாவது வாரத்தில் வெற்றுச் சீட்டுகள்தான் வரும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, போர்ஷன் யார் முடிப்பது என்ற கேள்வி நியாயமானது. பதினைந்து வாரத்தில் இரண்டு இன்டர்னல், ஒரு மாடல் எக்ஸாம், விழாவும் விடுமுறையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கழித்தால் மிச்சம் பதினொன்று, 55 ஹவர். ஐந்து யூனிட்டுக்கு ஒன்பது வீதம் 45 போக, கையில் பத்து ஹவர் நிற்கும். நடைமுறையில் அந்தப் பத்து காணாமல் போவது முதல் யூனிட்டில்தான். அட்மிஷன் முழுதாக முடியவில்லை, பாதிப்பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று அதை நாலு வாரம் இழுத்துவிட்டு, ஐந்தாவது யூனிட்டை மூன்று நாளில் வாசித்து முடிக்கிறோம். முதல் யூனிட் முடியும் தேதியை ஜூன் மாதமே காலண்டரில் வட்டமிட்டு வைப்பதுதான் வழி. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவரைச் செயல்படவைத்த வகுப்புகளில் 21.8. அவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள். வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் அதே எண்ணை ஒட்ட முடியாது. இருந்தாலும் போர்ஷனை வாயால் முடிப்பதும் பிள்ளைகள் மண்டையில் முடிவதும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்டர்னல் தாளை மூன்று நாளில் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கொடுக்கும் தாளில் மார்க்கை மட்டும்தான் பார்ப்பார்கள். நீண்ட குறிப்பு எழுத முடியாது. அறுபது தாளுக்கு நாலு நிமிடம் என்றாலே நாலு மணி நேரம். நாலு எழுத்துக் குறிகள் போதும்: ‘வ’ என்றால் வரையறை இல்லை, ‘எ’ என்றால் எடுத்துக்காட்டு இல்லை, ‘க’ கணக்குப் பிழை, ‘கே’ கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. குறிகள் உள்ள தாளை முதலில் கொடுத்து, ஒரு விடையைத் திருத்தி எழுதவைத்து, மார்க்கை இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள். மார்க்கும் குறிப்பும் சேர்ந்து வந்தால் குறிப்பின் பயன் போய்விடும் என்பதை ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இலேயே காட்டிவிட்டார். ‘கே’ நிறைய விழுந்தால் பிழை மாணவருடையது மட்டுமல்ல, கேள்வியின் ஆங்கிலத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நான்காவது வாரத்தில் டிபார்ட்மென்ட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கடைசி பெஞ்சில் இருபது நிமிடம் உட்காரச் சொல்லலாம். பாடம் எப்படி இருந்தது என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பார். அட்டெண்டன்ஸுக்கு வரைந்த இடப்படத்தை அவர் கையில் கொடுத்து, யார் பேசினார்களோ அந்த இடத்தில் ஒரு டிக் போடச் சொல்லுங்கள். டிக் விழாத பகுதி எது என்று தெரிந்தால் அடுத்த நாள் அங்கே போய் நின்று கேள்வி கேட்கலாம். ஆளில்லை என்றால் செல்போனில் குரலை மட்டும் பதிவு செய்து, கேள்விக்குப் பின் எத்தனை நொடி விட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். போர்டு எழுத்து பின்னால் தெரிகிறதா என்பதற்கு, வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாலே போதும். மூன்று விரல் உயரத்துக்குக் குறைந்த எழுத்து அங்கிருந்து எறும்பு வரிசைதான்.

எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் தொடங்க வேண்டாம். ஒரு பேப்பர், ஒரு வகுப்பு, வாரம் இரண்டு சீட்டு, தினம் ஒரு விரல் கேள்வி என்று தொடங்கினால் தாங்கும். சீட்டுகளைத் தூக்கி எறியும் முன், எந்தத் தலைப்பில் எத்தனை பேர், என்ன தவறு என்று லெஸன் பிளான் நோட்டில் தேதியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்த ஜூலையில் அதே தலைப்புக்கு வரும்போது, விரல் கேள்விக்கான தவறான விடைகள் அந்தப் பக்கத்திலேயே தயாராக இருக்கும்.